ஃப்ளோ மீட்டர் வயரைக் கொடுத்தால் மற்ற மூன்று சேனலும் ஆடுகிறது. மாட்யூல் கோளாறா?

திருப்பூர்_மெயின்டனன்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதில் இருந்து எங்கள் பக்கம் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விட முடியாது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. நின்றால் சாயமும் நின்றுவிடும். அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

ஆர்.ஓ. பேனலில் பி.எல்.சி.யோடு (இயந்திரங்களை ஓட்டும் சிறு கணினி) வந்த 2 அனலாக் இன்புட்டும் 0–10 வோல்ட் மட்டும் எடுப்பவை. சென்சார்கள் அனுப்பும் 4–20 மில்லியாம்ப் கரண்ட்டைப் படிக்க (அளவின் அடி 4, உச்சம் 20) போன வாரம் 4 சேனல் கரண்ட் இன்புட் மாட்யூல் ஒன்று புதிதாகப் போட்டேன். இணைத்தது இப்படி:

சேனல் 0: ஃபீட் பிரஷர், 2 வயர் டிரான்ஸ்மிட்டர் (சப்ளையும் சிக்னலும் அதே 2 வயரில்)
சேனல் 1: ஹை பிரஷர் பம்ப் டிஸ்சார்ஜ், 0–40 பார், 2 வயர்
சேனல் 2: பர்மியேட் (சுத்தமான தண்ணீர்) டேங்க் லெவல், 0–5 மீட்டர், 2 வயர்
சேனல் 3: மேக்னடிக் ஃப்ளோ மீட்டர், 230 வோல்ட் சப்ளை, பேனலில் இருந்து சுமார் 90 மீட்டர்

லூப்புக்கென்று (சென்சார், வயர், மாட்யூல் சேர்ந்த கரண்ட் சுற்று) தனியாக ஒரு 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை வைத்தேன். நாலு சேனலின் மைனஸையும் பிரிட்ஜ் போட்டு அதன் மைனஸில் சேர்த்துவிட்டேன்.

பிரச்சினை மூன்று. டேங்க் காலியாக இருக்கும்போது திரையில் 1 மீட்டர் காட்டுகிறது. பம்ப் மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. ஓடும்போது டிஸ்சார்ஜ் பிரஷர் ஒரு பார் மேலும் கீழும் ஆடுகிறது. எல்லாவற்றையும்விட மோசமானது, ஃப்ளோ மீட்டர் வயரைச் சொருகியதும் மற்ற மூன்று சேனலும் தாறுமாறாகிறது. வயரை உருவினால் உடனே சரியாகிவிடுகிறது. மாட்யூலை மாற்றிவிடலாமா? கடையில் இன்னொன்று இருக்கிறதாம்.

பேனல்_கோவை

தம்பி, இன்னொரு மாட்யூலுக்கு இப்போதே காசு கொடுக்க வேண்டாம். மூன்றும் தனித்தனிப் பிரச்சினை என்று எனக்குப் படுகிறது.

முதலில் லேசானது. டேங்க் காலி, 1 மீட்டர் காட்டுகிறது. டேங்க் நிறைந்தால் சரியாக 5 காட்டுகிறதா? காட்டினால் மாட்யூலை 0–20 மில்லியாம்ப் என்று வைத்திருக்கிறீர்கள். சீமென்ஸ் பி.எல்.சி. என்றால் முழு அளவுக்கு அது படிக்கும் எண் 27648. 4 மில்லியாம்ப் வரும்போது 5530 என்று படிக்கும், அது முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 மீட்டர். டேங்க் பாதியில் இருந்தால் 2.5-க்குப் பதில் 3 காட்டும். மேலே போகப் போகத் தப்பு குறையும். செட்டிங்கில் 4–20 என்று மாற்றுங்கள், முடிந்தது. மற்ற சேனல்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கருவி_ராணிப்பேட்டை

மூன்றாவது பிரச்சினையில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் ஃப்ளோ மீட்டர் 230-ல் ஓடுவதால் அதன் 4–20 அவுட்புட்டுக்குக் கரண்ட் பெரும்பாலும் மீட்டரே கொடுக்கும். அப்படியானால் அதற்கு லூப் சப்ளை தேவையே இல்லை. பிளஸ் சேனல் பிளஸுக்கு, மைனஸ் சேனல் மைனஸுக்கு, அவ்வளவுதான். அந்த சேனலின் மைனஸை மற்றவற்றோடு பிரிட்ஜ் போட்டதால் 90 மீட்டர் தள்ளி இருக்கிற ஒரு சாதனத்தை உங்கள் லூப் சப்ளையோடு கட்டிப்போட்டுவிட்டீர்கள்.

நிறைய மாட்யூல்களில் சேனலுக்கு சேனல் ஐசோலேஷன் (மின்தொடர்பு இல்லாத பிரிப்பு) கிடையாது. பி.எல்.சி. பக்கம் மட்டும்தான் ஐசோலேஷன் இருக்கும், சில மலிவான மாட்யூலில் அதுவும் இருக்காது. இன்புட்டின் இரண்டு முனையும் மாட்யூலின் சொந்த 0 வோல்ட்டில் இருந்து ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும், பல மாடல்களில் அது 12 வோல்ட்டை ஒட்டி இருக்கும். எல்லை தாண்டினால் ஷண்ட்டில் (மாட்யூலுக்குள் கரண்ட்டை அளக்கும் தடை) ஓடும் கரண்ட் சரியாக இருந்தாலும் படிக்கும் எண் தப்பாகிவிடும். இந்த எல்லைக்கு உங்கள் மேனுவலில் காமன் மோடு என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

மூன்று அளவு எடுத்துப் போடுங்கள்:

ஃப்ளோ வயரை உருவிய நிலையில், லூப் எஸ்.எம்.பி.எஸ். மைனஸுக்கும் பி.எல்.சி. 0 வோல்ட்டுக்கும் நடுவே ஏ.சி., டி.சி. இரண்டும்.
வயரைச் சொருகிய பிறகு அதே அளவு.
மீட்டரின் சப்ளையை நிறுத்தி, பேனல் பக்கம் வயரை உருவிவிட்டு, மீட்டரின் மைனஸ் டெர்மினலுக்கும் மீட்டர் பாடிக்கும் நடுவே எத்தனை ஓம்.

திருப்பூர்_மெயின்டனன்ஸ்

லெவல் சரியாகிவிட்டது அண்ணா, 0–20-ல்தான் வைத்திருந்தேன். மிக்க நன்றி.

அளவு எடுத்தேன். உருவிய நிலையில் ஏ.சி. 0.3 வோல்ட், டி.சி. ஒன்றுமில்லை. சொருகியதும் ஏ.சி. 14 வோல்ட்! மைனஸுக்கும் பாடிக்கும் 1.8 கிலோ ஓம். இது எவ்வளவு இருக்க வேண்டும் சார்?

கருவி_ராணிப்பேட்டை

அவுட்புட் ஐசோலேட் செய்த மீட்டர் என்றால் மெகா ஓமில் இருக்க வேண்டும். 1.8 கிலோ ஓம் என்றால் எங்கோ கசிகிறது. ஆர்.ஓ. பக்கம் உப்புத் தண்ணீர்தானே, முதலில் மீட்டரின் டெர்மினல் மூடியைத் திறந்து பாருங்கள்.

14 வோல்ட் ஏ.சி. என்பது உச்சத்தில் 20 வோல்ட் அளவுக்குப் போகும். மாட்யூல் தாங்கும் எல்லை அதைவிடக் குறைவு. மீட்டர் இருக்கும் இடத்தின் எர்த்துக்கும் உங்கள் பேனல் எர்த்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கசிவு வழியாக உங்கள் லூப் சப்ளையைத் தூக்கி ஆட்டுகிறது. அந்த எஸ்.எம்.பி.எஸ். எதிலும் கட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது, அதனால் இழுத்த பக்கம் போகிறது. மீட்டர் பக்கத்து எர்த் பிட்டில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள் என்றும் பாருங்கள்.

பேனல்_கோவை

பிரஷர் ஆட்டத்துக்கு வருகிறேன். பம்ப் ஓடும்போது பைப்பில் இருக்கும் கிளிசரின் கேஜைப் பாருங்கள். முள் அசையாமல் நின்று திரை மட்டும் ஆடினால் வயரில்தான் கோளாறு. முள்ளும் சேர்ந்து துடித்தால் அது நிஜமான துடிப்பு, வயரிங்கில் தேடிப் பயனில்லை. மல்டிமீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்து ஆட்டம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், அது சராசரி எடுத்துத்தான் காட்டும்.

அப்புறம், சிக்னல் கேபிளின் ஷீல்டை (வயர்களைச் சுற்றியுள்ள உலோக உறை) எங்கே கட்டியிருக்கிறீர்கள்? அந்தக் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகிறதா?

திருப்பூர்_மெயின்டனன்ஸ்

முள் அசையவில்லை. ஷீல்டு இரண்டு பக்கமும் எர்த். டிரே ஒன்றுதான், 30 மீட்டர் சேர்ந்தே போகிறது.

பேனல்_கோவை

பேனல் பக்கம் மட்டும் ஷீல்டை எர்த் பாரில் கட்டுங்கள். டிரான்ஸ்மிட்டர் பக்கம் வெட்டி டேப் சுற்றி விட்டுவிடுங்கள். சிக்னல் கேபிளை வேறு டிரேயில் மாற்றி, குறைந்தது 300 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகப் போகட்டும். மோட்டார் கேபிளின் ஷீல்டு வேறு கதை, அதை இரண்டு பக்கமும் கட்டத்தான் வேண்டும், கை வைத்துவிடாதீர்கள். மாட்யூல் செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் ஃபில்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்மூத்திங்கை அதிகமாகப் போட்டு ஆட்டத்தை மூடி மறைக்காதீர்கள். பிரஷர் நிஜமாகவே ஏறும்போது திரைக்குத் தாமதமாகத் தெரியும்.

மின்_ஓசூர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைக் கேட்காமல் போக மனமில்லை. அந்த டிஸ்சார்ஜ் பிரஷரை வைத்து வி.எஃப்.டி. வேகத்தைப் பி.ஐ.டி. (குறித்த பிரஷரில் நிற்கும்படி வேகத்தைத் தானே மாற்றும் கட்டுப்பாடு) மூலம் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் அந்த வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? பிரஷர் 0 என்று படிக்கும். பிரஷர் இல்லை என்று நினைத்து பி.ஐ.டி. பம்ப்பை முழு வேகத்துக்குத் தள்ளும். ஆர்.ஓ.வில் வடிகட்டும் மெம்பரேன் தாங்காது.

நாமூர் அமைப்பின் என்.ஈ. 43 பரிந்துரையில் சொன்னபடி 3.8-ல் இருந்து 20.5 மில்லியாம்ப் வரைதான் அளவு. 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் அது பிரஷர் இல்லை, கோளாறு. அந்த எல்லைகளில் பம்ப் நிற்கும்படி புரோகிராமில் கட்டாயம் எழுதுங்கள். ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு முறை நிஜமாகவே வயரை உருவிச் சோதித்துப் பாருங்கள்.

திருப்பூர்_மெயின்டனன்ஸ்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

ஃப்ளோ மீட்டர் மூடியைத் திறந்ததும் பகீரென்றது. கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்டு மேல் பக்கம் பார்த்து இருக்கிறது, ரப்பர் வெடித்திருக்கிறது. உள்ளே டெர்மினல் முழுக்கப் பச்சையாகக் களிம்பு, மைனஸ் ஸ்க்ரூவுக்கும் மூடி ஓரத்துக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றிருந்தது. சப்ளையை நிறுத்தி, துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஹேர் டிரையரில் காய வைத்தேன். புது கிளாண்டு போட்டு, கேபிள் கீழே வளைந்து ஏறுகிற மாதிரி கட்டினேன். மழைத் தண்ணீர் இனி வளைவிலேயே சொட்டிவிடும். அளந்தால் இப்போது மெகா ஓமில் நிற்கிறது.

சேனல் 3-ன் பிரிட்ஜைக் கழற்றினேன். லூப் எஸ்.எம்.பி.எஸ். மைனஸைப் பி.எல்.சி. 0 வோல்ட்டோடு ஒரே இடத்தில் சேர்த்தேன். நான்கு சேனலும் ஒன்றாக ஓடுகின்றன, ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. டிரே மாற்றியதும் பிரஷர் ஆட்டம் 0.1 பாருக்குள் வந்துவிட்டது.

ஓசூர் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. வயரை உருவினேன், வி.எஃப்.டி. 50 ஹெர்ட்ஸை நோக்கி ஏறத் தொடங்கியது, கையோடு நிறுத்தினேன். இப்போது 3.6-ல் டிரிப் ஆகிறது. இதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் எவாபரேட்டருக்கு (மிச்ச உப்பு நீரை ஆவியாக்கும் இயந்திரம்) 4 பிரஷர், 4 பி.டி. 100 வெப்ப சென்சார் வருகிறது. இன்னும் நுண்ணிய படிகளில் படிக்கும் 16 பிட் மாட்யூல் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா?

கருவி_ராணிப்பேட்டை

பிரஷருக்குத் தேவையில்லை. 0–40 பாரை 12 பிட்டில், அதாவது 4096 படிகளாக, பிரித்தாலே ஒரு படி 0.01 பார். உங்கள் டிரான்ஸ்மிட்டர் 0.5 சதவீதம் என்றால் அதன் பிழையே 0.2 பார். அந்தக் காசைச் சேனலுக்கு சேனல் ஐசோலேஷன் உள்ள மாட்யூலுக்கும், வயர் அறுந்தால் தானே சொல்லும் வசதிக்கும் கொடுங்கள்.

பி.டி. 100-ஐ இதே மாட்யூலில் கொடுக்க முடியாது, அதற்குத் தடையை அளக்கும் ஆர்.டி.டி. மாட்யூல் வேண்டும். 1 டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும், வயரின் தடையே சில டிகிரி தின்றுவிடும். அதனால் வயரின் தடையைக் கழித்துவிடும் 3 வயர் எடுங்கள், மூன்றும் ஒரே அளவு, ஒரே நீளம். தூரம் அதிகம் என்றால் தலைப்பகுதியிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து 4–20 ஆக்கிக் கொண்டுவந்துவிடுங்கள், எவாபரேட்டர் பக்கம் எனக்கு அதுதான் பிடிக்கும். வாங்கும்போது கிளாண்டுகளையும் நல்லதாகச் சேர்த்து வாங்குங்கள் தம்பி.