நிலத்தடி நீரை விளையாடிப் பார்த்த ஊர்

தண்ணீர், பருவநிலை போன்ற பொதுப் பிரச்சினைகளை விளையாட்டாக ஆடிப் பார்த்து, அதை வைத்து ஊரே கூடி ஒரு முடிவுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும் என்றுதான் சொல்வேன். ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் நேரில் பார்த்ததை எழுதுகிறேன்.

அங்கே ஆண்டு மழை சராசரியாக 550 மி.மீ. அளவுதான். வேர்க்கடலை பூமி. ஒரு போர் (ஆழ்குழாய்க் கிணறு) வற்றிப்போய், பக்கத்திலேயே இன்னொன்று போட்டுக் கடனில் விழுந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஃபவுண்டேஷன் ஃபார் எக்கலாஜிகல் செக்யூரிட்டி என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு நிலத்தடி நீர் விளையாட்டை நடத்தியது. ஐந்து பேர் ஒரு குழு, எல்லோருக்கும் பொதுவாக ஒரே நீர்மட்டம். ஆளுக்கு இரண்டு பயிரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்குத் தண்ணீரும் குறைவு, காசும் குறைவு. மற்றது மூன்று பங்கு தண்ணீர் குடிக்கும், வருமானமும் அதிகம். ஒரு சுற்று என்பது ஒரு வருஷம்.

நான் பெண்கள் குழுவோடு உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்றுகளில் பேசக் கூடாது, யார் என்ன பயிர் வைத்தார்கள் என்றும் தெரியாது. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் பேசலாம் என்றதும் ஒரு அம்மா, “இந்த வருஷம் நானும் இவளும் நெல்லு, நீங்க மூணு பேரும் கேழ்வரகு. அடுத்த வருஷம் உங்க முறை” என்று தெலுங்கில் கணக்குப் போட்டுவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பின்னால் நடந்த ஊர்க்கூட்டம். தன் போர் எத்தனை அடி என்பதைப் பக்கத்து வயல்காரரிடம்கூடச் சொல்லாத மனிதர்கள், ஒவ்வொருவராக ஆழத்தைச் சொன்னார்கள். விளையாட்டில் வற்றியது தனி ஒருவருடைய போர் இல்லை. அதனால் யாரையும் குற்றவாளி ஆக்காமல் நிஜத் தண்ணீரைப் பற்றிப் பேச முடிந்தது. இதன் பலமே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். விளையாடிய ஊர்களில் நீர்ப் பதிவேடும் தண்ணீர் எடுப்பதற்கான விதிகளும் மற்ற ஊர்களைவிட அதிகமாக வந்தன என்று 2018இல் ஓர் ஆய்வும் வெளியானது.

மறுமொழி:

அக்கா, எங்கள் கல்லூரியில் என்-ரோட்ஸ் நடத்தினோம். என்ன நடவடிக்கை எடுத்தால் உலக வெப்பநிலை எவ்வளவு மாறும் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் கருவி அது. கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் எம்ஐடியும் சேர்ந்து உருவாக்கியது, இணையத்தில் இலவசம். எல்லோரும் முதலில் கேட்டது மரம் நடுவதைத்தான். திரையில் அதற்கான அளவுக்கோலைக் கடைசிவரை நகர்த்தியும் 2100ஆம் ஆண்டின் வெப்பநிலை லேசாகத்தான் குறைந்தது. கரியமில வாயுவை வெளியிடுவதற்கு விலை வைத்தபோது (பெட்ரோல், நிலக்கரி போன்றவற்றின் விலை ஏறும்) நன்றாகவே இறங்கியது. உடனே, “பெட்ரோல் விலை ஏறினால் ஆட்டோ ஓட்டுகிறவர் என்ன செய்வார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். மதியச் சாப்பாடு வரை அந்த விவாதம்தான். ஆனால் அது உலகக் கணக்கு. எங்கள் ஊர் ஏரிக்கு அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

மறுமொழி:

சரிதான் தம்பி. ஏரிக்கு என்றால் ஏரித் தண்ணீர் பாயும் வயல்காரர்களையும் மீன் குத்தகைக்காரரையும் உட்காரவைத்து, மதகு எப்போது திறக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு விதிகளை எழுதுங்கள். விளையாட்டுக்கு ஒதுக்கும் அதே அளவு நேரத்தை, விளையாடி முடித்தபின் கூடிப் பேசுவதற்கும் ஒதுக்குங்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.