குப்பை 6.2 ஜிபி என்று காட்டியது, நானும் அழுத்தினேன்

கும்பகோணம், மொழிபெயர்ப்பு வேலை:

இது நடந்தது 2016-இல். இன்றைக்கும் கணினியில் குப்பை துடைக்கும் க்ளீனர் புரோகிராமின் அந்தப் பச்சை டிக்கை எங்காவது பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறேன். அப்போது விண்டோஸ் 7 லேப்டாப், அவுட்லுக் 2010. ஒரு விவசாயக் கையேடு வந்தது, 84 பக்கம். மெயிலில் இருந்த ஃபைலை அங்கேயே டபுள் கிளிக் செய்து திறந்தேன். ஒவ்வொரு இங்கிலீஷ் பத்திக்கும் கீழே தமிழை அடித்துக்கொண்டே போனேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் எஸ். வேர்டும் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. ராத்திரி மூடியைச் சாத்துவேன், காலையில் திறந்தால் விட்ட இடத்தில் நிற்கும். இப்படி ஆறு நாள்.

ஆறாம் நாள் லேப்டாப் இழுக்க ஆரம்பித்தது. அண்ணன் பையன் ஒரு க்ளீனரை அனுப்பி, "அத்தை, இதைப் போடுங்க, பறக்கும்" என்றான். திறந்தேன். பட்டியல் முழுக்க அதுவே டிக் போட்டு வைத்திருந்தது. மேலே சிவப்பில் 6.2 ஜிபி குப்பை. எல்லா புரோகிராமையும் மூடிவிட்டு அழுத்தச் சொன்னது. நல்ல பிள்ளையாக சேவ் செய்து, வேர்டை மூடி, அவுட்லுக்கை மூடி, அழுத்தினேன். நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

காபி குடித்துவிட்டு வந்து அதே மெயிலில் அதே ஃபைலைத் திறந்தேன். வெறும் இங்கிலீஷ். ஒரு வரி தமிழ் இல்லை. ஆறு நாளாக நான் சேவ் செய்தது மெயிலில் இருந்த ஃபைலில் இல்லையாம். விண்டோஸின் தற்காலிக ஃபோல்டருக்குள் அவுட்லுக் போட்டு வைத்திருந்த நகலில்தானாம். அந்த நகல்தான் 6.2 ஜிபி குப்பையில் ஒன்று.

இதே மாதிரி அடிபட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். அன்றைக்கு ரெக்கவரி கடையில் "எஸ்எஸ்டியா? அப்ப கஷ்டம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் கஷ்டம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

*

சேலம், சர்வீஸ் கடை:

அக்கா, நான் சொல்றேன். பழைய ஹார்ட் டிஸ்க்குல டெலிட் பண்ணா அட்டவணையில பேரு மட்டும்தான் போகும். சரக்கு அங்கேயே கிடக்கும், மேல வேற ஏதாவது எழுதுற வரைக்கும். அதனாலதான் தோண்டி எடுக்க முடியுது. எஸ்எஸ்டிங்கிறது சிப்புல சேமிக்கிற புது ரக டிரைவ். அதுல விண்டோஸ் 7 காலத்துல இருந்தே டிரிம்னு ஒரு கட்டளை உண்டு. ஃபைல் போனதும் "இந்த இடம் இனி வேண்டாம்"னு விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிடும். டிரைவ் தன் பாட்டுக்கு அதைத் துடைச்சுடும். கடைக்காரர் உங்களை ஏமாத்தல.

இன்னொண்ணு. அந்த அவுட்லுக் ஃபோல்டரை நம்பவே கூடாது. க்ளீனர் வரலன்னாலும் அவுட்லுக்கே சில நேரம் தானா காலி பண்ணிடும். மெயில் ஃபைலை முதல்ல டாக்குமென்ட்ஸ்ல போட்டுட்டுத்தான் தொடணும்.

என் கடைக்கு வர்ற கேஸ்ல பாதி வேற ரகம், ரெஜிஸ்ட்ரி. விண்டோஸும் நாம போட்ட புரோகிராமும் தங்களோட செட்டிங்கை எழுதி வைக்கிற பேரேடு அது. பழைய புரோகிராம் விட்டுட்டுப் போன வரிகள் நூறு இருநூறு கிடந்தாலும் எல்லாம் சேர்ந்து சில கேபிதான். விண்டோஸ் அதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிக்கிறதில்ல. வேணுங்கிற வரிக்கு நேரா போகும். அதனால அதைத் துடைச்சு வேகம் வந்ததை நான் பார்த்ததே இல்ல. தேவையான வரி ஒண்ணு போனா என்ன ஆகும்னு மட்டும் நிறைய பார்த்திருக்கேன். பிரின்டர் தெரியாது, ஃபைல் எதுல திறக்கணும்னு கேட்கும், சிலதுல விண்டோஸே ஏறாது. மைக்ரோசாஃப்டே 1990-கள்ல ரெக்கிளீன்னு ஒண்ணு விட்டுப் பார்த்து, அப்புறம் கைவிட்டுடுச்சு. இப்ப ரெஜிஸ்ட்ரி க்ளீனர் எதையும் ஆதரிக்கிறதில்லன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க.

முன்னாடி விண்டோஸ் தானா ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்து வைக்கும். விண்டோஸ் 10, 1803 பதிப்புல இருந்து அதையும் நிறுத்திட்டாங்க. அந்த ஃபோல்டரைத் திறந்தா ஃபைல் பேரு இருக்கும், சைஸ் சைபர். அதைப் பார்த்துட்டு கஸ்டமர் மூஞ்சியைப் பார்க்கிறதுதான் எனக்குக் கஷ்டமான வேலை.

*

யாழ்ப்பாணம், அச்சகம்:

நான் சின்ன அச்சகம் ஒண்டு வச்சிருக்கிறன். அந்தியேட்டிக்கு, அதுதான் செத்தவருக்குச் செய்யிற கிரியைக்கு, கல்வெட்டு எண்டு சொல்லுற நினைவுப் புத்தகம் அடிக்கிறதுதான் முக்கியமான வேலை. முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகம் கையில இருக்க வேணும், ஒரு நாள் பிந்தினாலும் அதுக்குப் பிறகு ஆருக்கும் தேவையில்லை.

என்ர மகன் கொம்பியூட்டரைச் சுத்தம் செய்யிறன் எண்டு ஒரு மென்பொருளைப் போட்டான். அது "பயன்படாத எழுத்துருக்கள்" எண்டு ஒரு பட்டியல் காட்டியிருக்கு. நாங்கள் இன்னும் பாமினியிலதான் அடிக்கிறம். பாமினி யூனிகோட் இல்லைத்தானே, உள்ளுக்க இருக்கிறது முழுக்க ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழாக் காட்டும். அடுத்த நாள் வந்து கல்வெட்டைத் திறந்தா தேவாரம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்குது. செத்தவரின்ர பேர்கூட வாசிக்கேலாது.

பாமினியைத் திரும்பப் போட அஞ்சு நிமிசம். ஆனா தலைப்புக்குப் பாவிச்ச எழுத்துருக்கள் இருபது வருசமாச் சேர்த்தவை. சிலது ஆரிட்டை வாங்கினது எண்டே நினைவில்லை. அதுகள் போனது போனதுதான்.

*

மதுரை, வங்கி வேலை:

எங்க அப்பா கதை வேற. ஓய்வு பெற்றவர். இன்டர்நெட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது "உங்கள் கணினியில் 1,247 பிழைகள்" என்று ஒரு க்ளீனரின் பெட்டி குதித்திருக்கிறது. ஸ்கேன் இலவசம், சரி செய்ய 1,499 ரூபாய். கட்டிவிட்டார். மறு வாரம் 900 பிழை. திரும்பவும் கட்டப் போனபோதுதான் என்னிடம் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். வேறு எதுவும் போடவில்லை, இன்டர்நெட்டில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அதில் அந்த க்ளீனரை ஓட்டினேன். 312 பிழை என்றது. பிறந்த குழந்தைக்கு முட்டி வலி!

இது இங்கே மட்டும் நடக்கிற கூத்து இல்லை. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் கணினிப் பரிசோதனை என்று ஒன்று நடத்தினார்கள். கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரம் குதிக்கிறதா என்று நாலு கேள்வி. ஒன்றுக்கு ஆமாம் என்று டிக் போட்டாலே வைரஸ் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். ஸ்கேன் சும்மா பேருக்கு. 2019-இல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் அவர்களிடமும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காமிடமும் சேர்த்து 3.5 கோடி டாலர் வாங்கியது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எனக்கு 1,499 வருமா?" என்று கேட்டார்.

*

கோயம்புத்தூர்:

எல்லாரும் ஒரேயடியா பயமுறுத்தறீங்க. நான் பன்னெண்டு வருஷமா சி-க்ளீனர் வெச்சிருக்கேனுங்க. வாரா வாரம் ஓட்டறேன். ஒரு பிரச்சினையும் இல்ல. கண்ட இடத்துல டவுன்லோட் பண்ணாம கம்பெனி தளத்துல எடுத்தா என்ன ஆகப்போகுது?

*

சென்னை, நெட்வொர்க் வேலை:

நண்பரே, 2017 செப்டம்பரில் வெளிவந்தது இதுதான். கம்பெனி தளத்திலேயே, கம்பெனியின் சொந்த டிஜிட்டல் கையெழுத்தோடு வந்த சி-க்ளீனர் 5.33 பதிப்புக்குள் யாரோ பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு வழி, வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 15 முதல் ஏறக்குறைய ஒரு மாதம் அது மக்கள் கையில் இருந்தது. இறங்கியது சுமார் 22.7 லட்சம் கணினிகளில். வைத்தவர்கள் குறி பெரிய டெக் நிறுவனங்கள் மேல்தான், இரண்டாம் கட்டத் தாக்குதல் போனது நாற்பது கணினிகளுக்குப் பக்கம். வீட்டுக்காரர்களை அவர்கள் சீண்டவில்லை. ஆனால் அது அவர்கள் இஷ்டம், நம் சாமர்த்தியம் இல்லை. வைரஸ் ஸ்கேனரும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டது. 32-பிட் விண்டோஸில் மட்டும்தான் அது வேலை செய்தது என்பதால் பலர் தப்பித்தார்கள். நீங்கள் அப்போது எது வைத்திருந்தீர்கள்?

*

கோயம்புத்தூர்:

விண்டோஸ் 7, 32-பிட். இப்பத்தான் பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன்.

*

திருநெல்வேலி, இல்லத்தரசி:

நான் வெளி க்ளீனர் எதையும் தொட்டதே இல்லை, விண்டோஸோட சொந்த டிஸ்க் கிளீனப்தான். அதிலும் மாட்டினேன். வழக்கமா எல்லாத்துலயும் டிக் போட்டு ஓகே குடுப்பேன். 2018 கடைசியில வந்த அப்டேட்டுல அந்தப் பட்டியல்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் புதுசா சேர்ந்திருக்கு, நான் கவனிக்கல. மகளோட கல்லூரி ஒதுக்கீட்டு ஆணை, மார்க் ஷீட் ஸ்கேன், ஆதார் எல்லாம் அங்கதான் இருந்தது. எல்லாரும் அங்கதானே வெக்கிறோம்? ரீசைக்கிள் பின்லயும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குங்கிறதால தம்பி ரெக்குவா போட்டு முக்காவாசி எடுத்துக் குடுத்தான். அந்த ரெக்குவாவும் சி-க்ளீனர்காரங்க செஞ்சதுதானாம். துடைக்கிறதும் அவங்களே, தேடித் தர்றதும் அவங்களே. 2020-ல அந்த டவுன்லோட்ஸ் வரியை மைக்ரோசாஃப்ட் எடுத்துடுச்சு.

*

ஈரோடு, ஜிஎஸ்டி கணக்கு:

சுருக்கமா. மாசம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். "வேகப்படுத்து"னு ஒரு பட்டன். தேவையில்லாத சர்வீஸ்னு சொல்லி, பிரின்டருக்கு வேலையை அனுப்புற பிரின்ட் ஸ்பூலரை நிறுத்திடுச்சு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான புரோகிராம் ஸ்டார்ட்டப்ல இருந்து போயிடுச்சு. பிரின்டரும் இல்ல, கையெழுத்தும் இல்ல. பிரின்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கிட்டேன். அதுவும் ஓடல.

*

கும்பகோணம், மொழிபெயர்ப்பு வேலை:

சேலம் தம்பிக்கு நன்றி, இத்தனை வருஷம் கழித்து டிரிம் புரிந்தது. ஈரோட்டுக்காரருக்கு என்ன சொல்வது, இப்போது இரண்டு பிரின்டர்!

என் கதையின் முடிவு: மூன்றாம் நாள் மாதிரிக்காக முதல் 20 பக்கத்தை அனுப்பியிருந்தேன், அது அவர்களிடம் பத்திரமாக இருந்தது. மீதி 64 பக்கத்தையும் மறுபடி உட்கார்ந்து அடித்தேன். அண்ணன் பையன் நான்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல டைப் செய்தான். இரண்டாவது முறை மொழிபெயர்ப்பு கொஞ்சம் நன்றாக வந்தது என்பதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த க்ளீனரை நீக்கப் போனபோது, "நீக்கினால் உங்கள் கோப்புகள் ஆபத்தில் இருக்கும், நிச்சயமாகவா?" என்று கேட்டது.