ஆய்வுக்காகப் பீர் ஆலைக்குப் பேட்டி கேட்டுப் போகிறீர்களா?

மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். என் களஆய்வின் முதல் மாதம் அப்படித்தான் போனது. 16 ஆலைகளுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது, அதுவும் "இப்போது நேரமில்லை" என்று. சின்ன கிராஃப்ட் பீர் ஆலைகளில் பெரும்பாலும் முதலாளியே பீர் காய்ச்சுவார், பீப்பாய் கழுவுவார், கணக்கும் எழுதுவார். மின்னஞ்சல் பார்ப்பது அவருக்குக் கடைசி வேலை. அதனால் நேரில் போங்கள்.

போகிற நேரம்தான் முக்கியம். காய்ச்சும் நாள் என்றால் அவர்களுக்கு 6 முதல் 8 மணி நேர வேலை. நொறுக்கிய மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, வெந்நீரில் கலந்து, கிட்டத்தட்ட 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். மாவுச்சத்து சர்க்கரையாவது அந்தச் சூட்டில்தான். அப்புறம் வடித்தெடுத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடுவார்கள். கொதி பொங்கும் நேரத்தில் போய் "கொஞ்சம் பேசலாமா" என்று நின்றால் யார்தான் முகம் கொடுப்பார்கள்? வெள்ளிக்கிழமை மாலையும் வேண்டாம், கூட்டம் நெரியும். வார நாளில், டேப்ரூம் (ஆலையிலேயே பீர் பரிமாறும் இடம்) திறந்த கையோடு போவது நல்லது. கவுன்ட்டரில் இருப்பவரிடம் எந்த நாளில் காய்ச்சுகிறார்கள், எந்த நாளில் கேனில் அடைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் இதைக் கேட்காமல் போய், கேனில் அடைக்கும் நாளில் மாட்டிக்கொண்டேன். 40 நிமிட ஒலிப்பதிவில் இயந்திரச் சத்தம்தான் தெளிவாகக் கேட்டது.

முதல் தடவையே பேட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், எத்தனை நிமிடம் ஆகும், பெயரை மறைப்பீர்களா என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்து, நாள் மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். பேட்டியன்று ஒப்புதல் படிவம், ஒலிப்பதிவுக்குத் தனியாகச் சம்மதம். குடித்தபடி கொடுக்கும் சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. பேட்டி முடிந்த பிறகு அவர்கள் ஒரு கோப்பை நீட்டினால் அது உங்கள் விருப்பம். குடிக்காதவர் "எனக்குத் தண்ணீர் போதும்" என்று சொன்னால் போதும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. வீட்டில் எந்த ஆய்வு என்று சொல்வது உங்கள் பாடு!

உள்ளே போகும்போது மூடிய ஷூ போடுங்கள். தரை எப்போதும் ஈரம், கழுவப் பயன்படுத்தும் காரம் தோலைப் பொசுக்கிவிடும். நொதிக்கும் தொட்டிக்குள் தலையை நீட்டி எட்டிப் பார்க்காதீர்கள், அதில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கும்.

கேள்வித்தாளை உடனே விரிக்க வேண்டாம். "இப்போது டேங்கில் என்ன இருக்கிறது?" என்று தொடங்குங்கள். ஏல் வகை பீர் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் நொதித்துவிடும், லாகர் வகையைக் குளிரில் பல வாரம் வைத்திருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்தவர் என்று பட்டாலே பேச்சு தானாக ஓடும். ஹாப்ஸ் எவ்வளவு போடுகிறீர்கள் என்று மட்டும் துருவாதீர்கள், பக்குவத்தை உளவு பார்க்க வந்தவர் போல் ஆகிவிடும்.

கிளம்பும் முன் "வேறு யாரைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் மால்ட்டும் ஈஸ்ட்டும் கைமாற்று வாங்கிக்கொள்பவர்கள். எனக்காக ஒருவர் அங்கேயே போனை எடுத்தார். பதில் போடாத 15 ஆலைகளில் 7 ஆலைகளுக்கு நான் உள்ளே போனது அந்தப் போனால்தான்.