ட்ரையேஜ் என்பதற்கு ‘முறைவைப்பு’ சரிவருமா?

கடலூரிலிருந்து, முதல் மடல்

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

தேவனாம்பட்டினத்துப் பக்கம் முதலுதவிப் பயிற்சி நடத்தும் நண்பர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரிடர் மருத்துவத்துக்கு எடுத்துக்காட்டாக ஹைட்டி நிலநடுக்கத்தை வைத்துக்கொண்டேன். எட்டுப் பக்கம் ஓடிவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரே சொல்லில் நாலு நாளாக நிற்கிறேன்: ட்ரையேஜ், அதாவது காயம்பட்டவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் என்னவெல்லாம் சுமக்கவேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதிதான் ஹைட்டி. 2010 ஜனவரி 12, மாலை 4.53-க்கு, தலைநகர் போர்ட்டோ பிரின்சிலிருந்து மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் 7.0 அளவில் நிலம் அதிர்ந்தது. ஆழம் 13 கிலோமீட்டர்தான் என்பதால் அடி பலமாக விழுந்தது. கம்பிக்குக் கஞ்சத்தனம் பார்த்துக் கட்டிய கான்கிரீட் தளங்கள் அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. மருத்துவமனைகளும் தப்பவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே முன்பிருந்தே மருத்துவமனைகள் நடத்திவந்தது. அவையும் இடிய, அவர்கள் தெருவிலும் தார்ப்பாய்க்குக் கீழேயும் காயம் கட்டினார்கள். அமெரிக்கக் கடற்படையின் ‘கம்ஃபர்ட்’ என்ற ஆயிரம் படுக்கை மருத்துவக் கப்பல் வந்து சேர்ந்தது ஜனவரி 20-ல். நடுவில் எட்டு நாள்.

அந்த எட்டு நாளில் ஒரு மருத்துவர் முன்னால் நூறு பேர் கிடக்கிறார்கள். யாரை முதலில் தொடுவது? அந்த முடிவுக்குத்தான் ட்ரையேஜ் என்று பேர். 1983-ல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவாக்கிய ஒரு எளிய முறை இன்றும் பல நாடுகளில் புழங்குகிறது. ஆளுக்கு ஒரு நிற அட்டை. எழுந்து நடக்கிறவர் பச்சை. மூச்சுப்பாதையைச் சரிசெய்த பிறகும் மூச்சே வராதவர் கருப்பு. நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, சொன்னதைக் கேட்டுக் கையை அசைக்கத் தெரியாவிட்டாலோ சிவப்பு, அவரைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மற்றவர் மஞ்சள். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘வகைப்படுத்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பதுபோல இருக்கிறது, அவசரமே தொனிக்கவில்லை. ‘முன்னுரிமைப்படுத்தல்’ பொருளில் கிட்டே வருகிறது. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி போய்விடுவார். ‘தரம் பிரித்தல்’ பண்ருட்டி முந்திரிக்குச் சரி. முழுப் பருப்பு, அரைப் பருப்பு, உடைசல் என்று பெண்கள் கண்ணிமைக்கிற நேரத்தில் பிரித்துப் போடுவார்கள், கைவேகம் ட்ரையேஜுக்கு அப்படியே பொருந்தும். இருந்தும் மனிதருக்குத் தரம் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் முறத்திடம் போனேன். நம் மொழியில் பிரிப்பதற்கு எத்தனை சொல்! புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நேம்புதல். கீரையை ஆய்கிறோம், அரிசியில் கல் பொறுக்குகிறோம். ‘கொழிப்பு’ என்று ஒரு மாலை முழுக்கக் காதல் கொண்டிருந்தேன். வீட்டில் சொல்லிப் பார்த்ததும் “யாருக்குக் கொழுப்பு?” என்று கேட்டார்கள், அத்தோடு போயிற்று. அதைவிடப் பெரிய குறை, முறத்தில் போனதில் ஒரு பகுதி பதராகிக் குப்பைக்குப் போகும். இடிபாட்டிலிருந்து தூக்கிவந்தவர்களில் யாரும் பதர் இல்லையே.

இப்போது என் கையில் இருப்பது ‘முறைவைப்பு’. வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. தண்ணீர் குறைவு, வயல் நிறைய, எந்த வயலையும் விட்டுவிட முடியாது, அதனால் முறை. முறைவைத்தார், முறைவைத்தாயிற்று, முறைவைப்பாளர் என்று வினையாகவும் பெயராகவும் வளைகிறது. ட்ரையேஜ் அட்டையை ‘முறைச்சீட்டு’ என்று சொல்லிவிடலாம்.

அடிக்கத் தயாராக இருப்பவர்கள் அடிக்கலாம்.

புதுச்சேரியிலிருந்து

தம்பி, அடிக்கவில்லை, ஆனால் சில விஷயம் சொல்லவேண்டும். முப்பத்தோரு வருஷம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வீட்டுக்காரரின் அப்பா சொல்தா, பிரான்சு ராணுவ ஓய்வூதியக்காரர். அதனால் அந்த மொழி காதில் விழுந்தே வளர்ந்த குடும்பம்.

ட்ரையேஜ் எங்கள் ஊர்ச் சொல் மாதிரிதான். பிரெஞ்சில் ‘த்ரியே’ என்றால் பொறுக்கிப் பிரிப்பது. கம்பளிக்கும் காப்பிக் கொட்டைக்கும் சொன்ன சொல். பிரித்தபின் மிஞ்சும் உடைசல் காப்பிக்கே ட்ரையேஜ் என்று பேர் உண்டு. நீங்கள் முந்திரி உடைசலைக் கண்டு முகம் சுளித்தீர்களே, மூலச் சொல்லிலேயே அந்த உடைசல் இருக்கிறது! ஹைட்டி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் உலகத்துக் காப்பியில் ஏறக்குறைய பாதி அங்கே அடிமைகள் விளைவித்தது. அந்த மண்ணில் போய் அதே சொல்லை ஆட்களுக்குச் சொன்னார்கள் என்று நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நெப்போலியன் படையின் தலைமை மருத்துவர் லாரே, பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார் என்று சொன்னவர். அந்த வேலைக்கு மரியாதை வந்தது அவரால்தான்.

உங்கள் முறைவைப்பில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம், ஒரு பஸ் விபத்து வந்தது. முழங்கையில் சிராய்ப்போடு வந்த ஓர் ஆளுக்கு மூன்று டாக்டர்கள். அவர் யாருக்கோ மச்சான். வயிறு உப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா சத்தமே போடாமல் சுவரோரம் சாய்ந்திருந்தார். சத்தம் போடாதவர்தான் ஆபத்தில் இருப்பவர் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். இருந்தும் யாரும் பார்க்கவில்லை. முறை என்று ஒரு சொல்லும் அதைச் சொல்ல ஓர் ஆளும் அன்றைக்கு இருந்திருந்தால் மச்சானைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கலாம்.

இப்போது என் சண்டை. கருப்புச் சீட்டுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? இறந்தவரும், உயிரோடு இருந்து இன்று நம்மால் காப்பாற்ற முடியாதவரும் ஒரே நிறத்தில் கிடப்பார்கள். சில நாட்டு முறைகளில் இரண்டாமவருக்குச் சாம்பல் நிறம் தனியாக உண்டு. அவருக்கு முறையே வராது என்றால் உங்கள் சொல் பொய்யாகிவிடும். அவருக்கும் வேலை இருக்கிறது: வலி மருந்து, ஒரு வாய்த் தண்ணீர், கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். அதற்கும் ஒரு சொல் கொடுத்தால் உங்கள் பக்கம் வருகிறேன்.

காட்டுமன்னார்கோவிலிலிருந்து

வணக்கம். வீராணத்துத் தண்ணீரில் விவசாயம் பார்த்த குடும்பம் என்பதால் பாசனத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. பள்ளியில் தமிழாசிரியராக இருந்ததால் சொல்லைப் பற்றியும்.

சொல்லமைப்பில் குறை இல்லை. முறை என்பதற்கு ஒழுங்கு, தடவை, உறவு, நீதி என்று ஏகப்பட்ட பொருள் இருப்பது பலவீனம் என்பார்கள். முறைவாசல், முறைமாமன் என்று அடுத்த சொல் வந்ததும் பொருள் தெளிந்துவிடுகிறது, ஆகவே பயமில்லை.

பொருளில்தான் தகராறு. வயலில் வியாழக்கிழமை உன் முறை என்றால் வியாழக்கிழமைதான். ஊர் கூடி வைத்தது, மாறாது. உங்கள் ட்ரையேஜோ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் போலிருக்கிறது. இன்னொன்று, கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்பதும் முறைதான். அதற்காக வெட்டுக்குத்து நடந்த ஊர்கள் உண்டு. அந்த வாசனை உங்கள் சொல்லில் ஒட்டிக்கொள்ளாதா?

ஒன்று மட்டும் உங்களுக்குச் சாதகமாகச் சொல்கிறேன். முறை வைப்பது வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரனுக்காக இல்லை. முறை இல்லாவிட்டாலும் அவன் வயல் நிறைந்துவிடும். வாய்க்கால் முடிகிற இடத்துக் கடைமடைக்காரனுக்காகத்தான் முறை. புதுச்சேரி அம்மா சொன்ன மச்சான் தலைமடை, சுவரோரம் சாய்ந்திருந்தவர் கடைமடை.

கடலூரிலிருந்து, மறுபடி

ஐயா, தலைமடை கடைமடை என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் கையேட்டில் அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதிவிட்டேன். பரிவட்டத்துக்கு உங்கள் கடைமடையே பதில் என்று வைத்துக்கொள்கிறேன்.

முறை மாறாது என்ற கேள்விக்கு ஹைட்டியே பதில் சொல்கிறது. இடிபாட்டுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு பல மணி நேரம் கிடந்தவர் நன்றாகப் பேசுவார், சிரிக்கக்கூடச் செய்வார். சுவரைத் தூக்கி வெளியே இழுத்ததும், நசுங்கிய தசையில் தேங்கியிருந்த பொட்டாசியம் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்திவிடலாம். தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் அகப்பட்டவர்களிடம் இதைக் கண்டு எழுதிவைத்தார்கள். 1988-ல் ஆர்மீனியா நிலநடுக்கத்துக்குப் பிறகு, இதற்கென்றே சிறுநீரக மருத்துவர்கள் உலக அளவில் ஓர் அணி சேர்த்தார்கள். ஹைட்டியிலும் டயாலிசிஸ் இயந்திரங்களோடு போனார்கள். வெளியே எடுக்கும் முன்பே உப்புநீர் ஏற்றத் தொடங்கவேண்டும் என்பது அதில் கற்ற பாடம். மஞ்சளாக இருந்தவர் பத்து நிமிடத்தில் சிவப்பு. ஆகவே முறை ஒருதரம் வைத்தால் போதாது, திரும்பத் திரும்ப வைக்கவேண்டும். அதற்கு ‘மறுமுறைவைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். வயலிலும் தண்ணீர் குறையக் குறைய ஊர் மறுபடி கூடி முறையை மாற்றுமல்லவா ஐயா? மாற்றாது என்றால் திட்டுங்கள்.

இன்னொரு இடத்திலும் சொல் நன்றாக உட்கார்ந்தது. போர்ட்டோ பிரின்சு விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. கட்டுப்பாட்டுக் கோபுரமும் சேதம். எந்த விமானம் முதலில் இறங்குவது என்பதே பெரிய சண்டையாயிற்று. காற்றடைத்து நிறுத்தும் மருத்துவமனையை ஏற்றிவந்த எல்லைகளற்ற மருத்துவர்களின் சரக்கு விமானத்தையே பக்கத்து நாடான டொமினிகன் குடியரசுக்குத் திருப்பிவிட்டார்கள். சாமான் அங்கிருந்து சாலை வழியே வந்தது. விமானங்களுக்கும் முறைவைப்பு என்று எழுதினால் வாசகருக்குச் சட்டென்று புரியும். ‘நோயாளர் வகைப்பாடு’ என்று வைத்திருந்தால் இங்கே பல்லிளித்திருக்கும்.

அக்கா, உங்கள் கேள்விதான் கடினம். எழுதாமலே ஒரு நாள் இருந்தேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஒரு தீவுப் பக்கம், சுமத்ராவில், கிளம்பிய நடுக்கம்தான். நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஆனால் கடல் அடித்தால் காயம்பட்டவர் குறைவு, இறந்தவர் அதிகம். சுவர் விழுந்தால் நேர்மாறு, உயிரோடு நொறுங்கியவர்கள் ஆயிரக்கணக்கில். அதனால்தான் அன்றைக்கு இந்தச் சொல் இல்லாத குறை நமக்குத் தெரியவில்லை போலும். ஹைட்டியில் இஸ்ரேல் ராணுவத்தின் கள மருத்துவமனை பத்து நாளில் 1,100 பேருக்கு மேல் பார்த்தது. பிழைக்க வழியில்லாதவரை உள்ளே எடுப்பதா என்ற கேள்வி அங்கே தினமும் வந்தது. மூத்த மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்தார்கள், ஒருவர் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றவில்லை.

சாம்பல் நிறத்துக்கு ‘உடனிருப்பு’ என்று வைக்கலாமா? ஆஸ்பத்திரியில் “கூட யார் இருக்கா?” என்று கேட்போமே, அதுதான். செய்ய வேறொன்றும் இல்லாதவரிடம் செய்யவேண்டியது கூட இருப்பது. இறந்தவருக்கு மட்டும் கருப்பு. ஆக சிவப்பு முதல் முறை, மஞ்சள் இரண்டாம் முறை, பச்சை மூன்றாம் முறை, சாம்பல் உடனிருப்பு. சாம்பல் என்ற நிறப்பெயரே உறுத்துகிறது என்று வீட்டில் ஒரு குரல். ‘மங்கல் நிறம்’ என்று எழுதிப் பார்த்தேன், எந்த நிறம் என்று யாருக்கும் புரியவில்லை. இப்போதைக்கு அப்படியே விடுகிறேன்.

சுவரொட்டியில் மட்டும் முறைவைப்பு என்று பெரிதாகவும் கீழே ட்ரையேஜ் என்று சின்னதாகவும் போடுவோம். நம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற பிரிவு வந்துவிட்டது. அங்கே இருப்பவர்கள் நாக்கில் ட்ரையேஜ்தான் ஓடுகிறது. அதை மல்லுக்கட்டிப் பிடுங்கவேண்டியதில்லை.

காட்டுமன்னார்கோவிலிலிருந்து

மாற்றும். பயிர் சூல்கட்டி நிற்கிற வயலுக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதும் உண்டு. விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மண்வெட்டியோடு நிற்பதும் உண்டு. என் ஓட்டு முறைவைப்புக்கே. ‘வை’ சேர்த்தே எழுதுங்கள், பிரித்து எழுதினால் வினை வேறு பெயர் வேறு என்று குழம்பும். ‘மறுமுறைவைப்பு’ நாவில் நிற்காது. வழக்கில் ‘மறுமுறை’ என்று தானே சுருங்கிவிடும், பாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து

உடனிருப்பு போதும் தம்பி. நானும் சரி.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முறைச்சீட்டைச் சட்டையில் குத்தச் சொல்லாதீர்கள், காயம் பார்க்கச் சட்டையைத்தான் முதலில் வெட்டுவோம். மணிக்கட்டில் கட்டச் சொல்லுங்கள். அந்தக் கை அடிபட்டிருந்தால் மறு கை, இரண்டும் அடிபட்டிருந்தால் கணுக்கால். நூல் வேண்டாம், நனைந்தால் அறுந்துவிடும். உங்கள் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளிடம் வலை பின்னுகிற நைலான் இழை இருக்குமே, அது நல்லது. இறுக்கிக் கட்டிவிடப் போகிறார்கள், ஒரு விரல் நுழைகிற இடம் விடச் சொல்லுங்கள்.