வீட்டுக் குழு: நாளைக்குப் படகுக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல்?

சீனு: நாளை விடிகாலை நானும் மச்சானும் மீன் பிடிக்க வெளிப்பாருக்கு, அந்தத் தூரத்துக் கடலடிப் பாறைத் திட்டுக்குப் போகிறோம். 22 கடல் மைல். 25 லிட்டர் டேங்க் இரண்டு, 10 லிட்டர் கேன் ஒன்று, மொத்தம் 60. போதும்தானே?

மணி மச்சான்: போதும்

சித்தப்பா: தாராளம்

பெரியப்பா: எந்தக் கணக்கில் போதும்?

அத்தை: வெளிப்பாரா? அவ்வளவு தூரம் எதற்கு, உள்பாரில் மீன் இல்லையா

சீனு: உள்பாரில் எல்லாரும் நிற்கிறார்கள் அத்தை. பெரியப்பா, புது எஞ்சின் 40 குதிரை, ஃபோர் ஸ்ட்ரோக். மைலுக்கு 0.7 லிட்டர்தான். போக வர 44 மைல், 31 லிட்டர். பாதி மிஞ்சும்.

பெரியப்பா: 0.7 எங்கிருந்து வந்தது? எஞ்சினோடு கொடுத்த தாளில் இருந்தா?

சீனு: இல்லை. டேங்கை வாய்வரை நிரப்பி, ஜிபிஎஸ் பார்த்து 10 மைல் ஓட்டினேன். திரும்ப நிரப்பினால் 7 லிட்டர் பிடித்தது.

பெரியப்பா: அப்படித்தான் பார்க்க வேண்டும், சபாஷ். அன்றைக்குப் படகில் யார் யார்?

சீனு: நான் மட்டும்

பெரியப்பா: ஐஸ், வலை, நங்கூரம்?

சீனு: நங்கூரம் மட்டும். கடலும் அலையே இல்லாமல் கிடந்தது.

அத்தை: ஜிபிஎஸ் என்றதும்தான் நினைவு வருகிறது. கையடக்க ஜிபிஎஸ் ஒன்று இருந்ததே, அது இப்போது யாரிடம்?

சித்தப்பா: என்னிடம் இல்லை

அத்தை: உன்னிடம் என்று நான் சொல்லவே இல்லையே

பெரியப்பா: அதை அப்புறம் பேசுங்கள். சீனு, உன் 0.7 என்பது காலிப் படகு, ஒற்றை ஆள், காற்றில்லாத கடல் மூன்றும் சேர்ந்த கணக்கு. சரி, போகிற வழிக்கு அதையே வைத்துக்கொள்வோம், 22 மைலுக்குப் பதினைந்தரை லிட்டர். பாரில் போய்த் தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுவீர்கள், அப்போதும் எஞ்சின் குடிக்கும், மணிக்கு 2 லிட்டர் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு 10. இதை நீ கணக்கிலேயே சேர்க்கவில்லை. திரும்பும்போது இரண்டு பேர், ஐஸ், மீன், நனைந்த வலை, எதிர்க்காற்று. பாரம் ஏறினால் படகு தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடாது, அணியம், அதாவது முன்பக்கம், தூக்கிக்கொண்டு பின்பக்கம் தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும், வேகம் 14 நாட்டில் (மணிக்கு 14 கடல் மைல்) இருந்து 8 நாட்டுக்கு வந்துவிடும், ஆனால் குடிப்பது அந்த அளவுக்குக் குறையாது. மணிக்கு 8 லிட்டர் குடித்து 8 மைல் வந்தால் மைலுக்கு 1 லிட்டர். ஆக 22. எல்லாம் கூட்டினால் நாற்பத்தேழரை, 48 என்று வை.

மணி மச்சான்: 60 இருக்கிறதே மாமா. 12 மிச்சம்.

பெரியப்பா: 12 இல்லை மாப்பிள்ளை, 10. ஒவ்வொரு டேங்கிலும் அடியில் ஒரு லிட்டராவது குழாய்க்கு எட்டாது. படகு ஆடுகிற ஆட்டத்தில் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும், எஞ்சின் இருமி நிற்கும். கையில் உள்ளது 58 என்றுதான் எண்ண வேண்டும்.

சீனு: 10 இருந்தாலும் 10 மைலுக்குக் காணுமே

பெரியப்பா: மதியத்துக்கு மேல் காற்று கூடினால்? மைலுக்கு 1 லிட்டர் என்பது ஒன்றரை ஆகிவிடும். 22 மைலுக்கு 33. போக பதினைந்தரை, பாரில் 10, வர 33. கூட்டிப் பார்.

சீனு: 58.5

பெரியப்பா: இருப்பு 58.

வித்யா: என்ன இது. மணி, இதைப் படித்தீர்களா?

மணி மச்சான்: படிக்கிறேன்

சித்தப்பா: வேகமாக ஓட்டினால் காற்று ஏறுவதற்குள் வந்துவிடலாம்

பெரியப்பா: கைப்பிடியை முழுக்கத் திருகினால் 40 குதிரை மணிக்கு 15 லிட்டர் குடிக்கும். குதிரைச் சக்தியைப் பத்தால் வகுத்தால் வருவது மணிக்கு எத்தனை கேலன் என்ற கணக்கு, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும், அமெரிக்கக் கேலன் ஒன்று 3.8 லிட்டர். பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் இன்னும் கூடும். 15 லிட்டருக்கு 18 நாட் கிடைத்தால் மைலுக்கு 0.83. 14 நாட்டில் 0.7. நேரம் மிஞ்சும், பெட்ரோல் மிஞ்சாது. உண்மையிலேயே குறைந்துவிட்டால் 5 நாட்டுக்கு இறங்கிவிட வேண்டும், மணிக்கு 3 லிட்டர், மைலுக்கு 0.6. பதறிப்போய் முறுக்குகிறவனுக்குத்தான் கரைக்கு முன்னால் தீரும்.

சித்தப்பா: அண்ணன் பழைய படகை விற்காமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். அது 100 லிட்டர் தாங்கும்.

அத்தை: ஆரம்பித்துவிட்டாயா

பெரியப்பா: எல்லாரையும் கேட்டுத்தான் விற்றேன்

சித்தப்பா: என்னைக் கேட்கவில்லை

வித்யா: சித்தப்பா, நாளைக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேசுவோம்

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சீனு: சரி பெரியப்பா, எத்தனை லிட்டர் வேண்டும்?

பெரியப்பா: மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கூடாது. போக ஒன்று, வர ஒன்று, ஒன்று கைகாவல். உங்களுக்குச் செலவு 48, அது மூன்றில் இரண்டு பங்கு என்றால் மொத்தம் 72. 25 லிட்டர் டேங்க் மூன்று, அடியில் தங்குவது போக 72. மூன்றாவதைத் தனியாகக் கட்டி வை, கரை கண்ணுக்குத் தெரிகிறவரை குழாயை அதில் மாட்டாதே.

மணி மச்சான்: எடை கூடுமே மாமா

பெரியப்பா: இப்போது கொண்டுபோவதைவிட 15 லிட்டர்தான் அதிகம், ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. பதினோரு கிலோ. ஐஸில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மணி மச்சான்: ஐஸைக் குறைத்தால் மீன் கெட்டுவிடும்

வித்யா: மீன் கெடட்டும்

அத்தை: அதுதான் சரி

பெரியப்பா: அப்புறம் நீரோட்டம். போகும்போது தள்ளிவிட்டது, வரும்போது பிடித்து இழுக்கும், இரண்டும் சரிக்குச் சரி என்று நினைக்காதே. 10 நாட் ஓடுகிற படகு, 2 நாட் நீரோட்டம், 24 மைல் என்று வைத்துக்கொள். போக 2 மணி நேரம், வர 3, மொத்தம் 5. நீரோட்டமே இல்லாவிட்டால் 4 மணி 48 நிமிடம்தான். ஆகவே போகும்போது சீக்கிரம் போய்விட்டோம் என்று சந்தோஷப்படாமல், ஜிபிஎஸ் காட்டுகிற வேகத்தையும் எஞ்சின் போடுகிற சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார். வழக்கத்தைவிட வேகம் காட்டினால் திரும்பும் செலவை அங்கேயே கூட்டிவிடு. பாரில் மீன் ஏறுகிறது என்று இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று நிற்கத் தோன்றும். கடிகாரத்தையும் மீனையும் பார்த்துக் கிளம்பாதீர்கள், டேங்கைப் பார்த்துக் கிளம்புங்கள்.

சீனு: சரி

மணி மச்சான்: சரி மாமா

சித்தப்பா: டேங்க் மூடியில் காற்று உள்ளே போகிற திருகைத் திறக்கச் சொல்லுங்கள்

அத்தை: நீ சொல்கிறாயா அதை!

வித்யா: அன்றைக்கு ராத்திரி ஊரே கரையில் நின்றது

சித்தப்பா: அதனால்தான் சொல்கிறேன். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது, திருகு மூடியிருந்தது, எஞ்சின் நின்றுவிட்டது. பெட்ரோல் குழாயில் கையால் அமுக்குகிற பல்பு சப்பிப் போயிருந்தால் முதலில் திருகைப் பார் சீனு. பெட்ரோல் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே.

பெரியப்பா: தம்பி சொல்வது சரி.

அத்தை: அண்ணன் வாயில் இருந்து இது வந்துவிட்டதே

சீனு: மூன்றாவது டேங்குக்கு எங்கே போவேன்? என்னிடம் இரண்டுதான்.

சித்தப்பா: என்னிடம் ஒன்று இருக்கிறது. பழைய படகோடு வந்தது.

பெரியப்பா: அது படகோடு சேர்த்து விற்ற டேங்க் இல்லையா?

சித்தப்பா: டேங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை

அத்தை: ஜிபிஎஸ்ஸும் அங்கேதான் இருக்கும், தேடிப் பார்

பெரியப்பா: அந்த டேங்க் வெகு நாள் சும்மா கிடந்தது. உள்ளே தண்ணீர் கோத்திருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அடியில் உள்ளதை ஊற்றிப் பார் சீனு, தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்பது தெரியும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, கரையில் வைத்தே நிரப்பு, படகுக்குள் வைத்து ஊற்றாதே. ஆவி கீழே தங்கிவிடும்.

சீனு: ராத்திரிக்குள் காயுமா என்று தெரியவில்லை

மணி மச்சான்: காயாவிட்டால் உள்பாருக்குப் போவோம்

சீனு: உள்பாரா?

மணி மச்சான்: காலையில் பார்ப்போம்

அத்தை: நான் முதலிலேயே சொன்னேன்

பெரியப்பா: இரண்டு துடுப்பும், நீளக் கயிறோடு நங்கூரமும் கட்டாயம். எஞ்சின் நின்றால் உடனே நங்கூரம், இழுபட விடாதே. ஆபத்தில் கூப்பிட வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல்.

வித்யா: எல்லாம் சரி. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

சீனு: நாலுக்குள்

மணி மச்சான்: ஐந்து என்று வைத்துக்கொள்

வித்யா: நாலா, ஐந்தா?

சித்தப்பா: சீனு, டேங்கை வாசலில் வைத்துவிட்டேன். ஜிபிஎஸ் கிடைக்கவில்லை.