மாருதி 800 கார்புரேட்டர் மாடல்: கியர்பாக்ஸ் ஜாயின்ட்டில் ஆயில் சொட்டு. பின் கிராங்க் சீல்தானா?

பழைய_எட்நூறு:
1997 மாருதி 800, 1,12,000 கி.மீ. ஓடியது. இரவு நிறுத்தினால் காலையில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஐந்தாறு சொட்டு கிடக்கிறது. அதுபோக 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. புகை கண்ணுக்குத் தெரியவில்லை. சிக்னலில் நின்றால் மட்டும் கருகல் வாடை. மெக்கானிக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "பின் கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்கிறார் (கிராங்க் ஷாஃப்ட்டின் கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீலைச் சொல்கிறார்). இறக்குவதற்கு முன் வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்பேனர்_செட்:
இறக்காதீர்கள், அவசரமே இல்லை. இந்த எஃப்8பி எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்கக் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து கல்லாகிவிட்டால் ஆயில் ஹெட் வழியாக வழிந்து நேரே பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) மேல் இறங்கும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது அச்சு அசல் பின் சீல் லீக் போலவே தெரியும். டேப்பட் கவர் (ஹெட்டின் மேல்மூடி) பேக்கிங் அந்த மூலையில் கசிந்தாலும் இதே கதை.

முதலில் எஞ்சினைக் கழுவுங்கள். கழுவாமல் தேடுவது வீண் வேலை. எஞ்சின் நன்றாக ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய் மூன்றையும் பாலித்தீனால் கட்டிவிட்டு, டீசல் தொட்ட பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டைமிங் பெல்ட் கவர் பக்கம் டீசல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெல்ட் ரப்பருக்கு அது ஆகாது. பிறகு சோப்புத் தண்ணீர், துணி, ஒரு மணி நேரம் வெயில். ஈரம் போனதும் சந்தேகமுள்ள ஜாயின்ட் எல்லாவற்றிலும் முகப் பவுடரை லேசாகத் தூவி, பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் முதலில் கறுக்கும் இடம் எதுவோ, அதிலும் உயரத்தில் இருப்பது எதுவோ, அதுதான் லீக். கீழே நனைந்திருப்பதெல்லாம் வழிந்து வந்தது. ஐடிலில் ஒன்றும் தெரியாவிட்டால் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

சொட்டு விழும் இடத்தில் ஒரு வெள்ளை அட்டையும் போட்டு வையுங்கள். எஞ்சின் ஆயில் பழுப்பு கலந்த கறுப்பாகப் படியும். கியர் ஆயிலென்றால் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் தேட வேண்டியது டிரைவ் ஷாஃப்ட் சீலை, அல்லது கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலை. எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

டிப்ஸ்டிக்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேள்வியிலேயே ஒரு கணக்கு இடிக்கிறது. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றே வைத்தாலும், இரவுக்கு ஆறு சொட்டு என்றால் மாதம் 9 மில்லிதான். அரை லிட்டர் எங்கே போகிறது? இரண்டே வழிதான்: வண்டி ஓடும்போது பிரஷரில் வெளியேறுகிறது, அல்லது உள்ளே எரிகிறது. தரையில் கிடக்கும் சொட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக்கும் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

பிரஷர் பக்கம் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஆயில் பிரஷர் சுவிட்ச்: வயர் முனையின் ரப்பரை உருவிப் பாருங்கள், உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்ச் முடிந்தது. சில நூறு ரூபாய் சாமான், ஆனால் ஹைவேயில் கணிசமாகத் துப்பும். மாற்றும்போது டெஃப்லான் டேப்பை முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள்; பிசிறு உள்ளே போகக் கூடாது. அடுத்தது ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, புதியது அதன்மேல் ஏறியிருக்கலாம்.

பெட்ரோல் பம்ப்பையும் விடாதீர்கள். கார்புரேட்டர் மாடலில் அது ஹெட்டில் கேம்ஷாஃப்ட் தள்ளி ஓடுகிற மெக்கானிக்கல் பம்ப். அடிப் பேக்கிங் கசிவது ஒரு பக்கம். உள்ளே டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்து நீர்த்துப் போகும், நீர்த்த ஆயில் எல்லா சீலிலும் கசியும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும்.

கடைசியாக, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வையுங்கள். புஸ் புஸ்ஸென்று அடித்தால், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் ஆயில் படிந்திருந்தால், பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கிராங்க்கேஸுக்குள் (எஞ்சினின் அடிப்பகுதிக்குள்) இறங்குகிறது. அந்தக் காற்றை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் அடைத்திருந்தாலும் இதே அறிகுறி வரலாம், அதை முதலில் ஊதிப் பாருங்கள். கிராங்க்கேஸில் பிரஷர் நிற்கும்வரை எந்தப் புது சீல் போட்டாலும் தங்காது.

பழைய_எட்நூறு:
கழுவி, பவுடர் போட்டுப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில்தான் முதலில் கறுத்தது. டேப்பட் கவரில் மேனிஃபோல்டு பக்க மூலையிலும் கொஞ்சம். பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் காய்ந்திருக்கின்றன. மூடியில் காற்று அடிப்பதாகத் தெரியவில்லை. பெட்ரோல் வாடை இல்லை. பிளக் கழற்றினால் நடுப் பிளக் மட்டும் ஆயில் ஈரமாகக் கறுப்பு; மற்ற இரண்டும் பழுப்பு. கிளட்ச் வழுக்கவில்லை.

ஸ்பேனர்_செட்:
கிளட்ச் வழுக்கவில்லை, அதாவது கிளட்சில் ஆயில் படவில்லை; அடியில் இருப்பது மேலிருந்து வழிந்தது. பின் சீலை மறந்துவிடுங்கள். கருகல் வாடை அந்தக் கவர் மூலைதான், சூடான மேனிஃபோல்டில் விழுந்து எரிகிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் கழற்றுமுன் அதன் உடம்பிலும் அது உட்காரும் கேஸிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். மூடியைத் திறந்து ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஃபோட்டோ எடுங்கள். வெளியே இழுக்கும்போது கியர் பல் சாய்வாக இருப்பதால் ரோட்டர் கொஞ்சம் திரும்பும். திரும்பி நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டால் திரும்ப மாட்டுவது எளிது. வெளியே இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். புது ஓ-ரிங்கில் ஆயில் தடவி, கையால் அழுத்தியே இறக்குங்கள். சுத்தியல் கூடாது. முடித்ததும் டைமிங் லைட் வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

டேப்பட் கவர் தகரம். பழைய பேக்கிங்கைச் சுரண்டியபின் ஓரத்தை ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி நேராக்குங்கள். போல்ட் முறுக்கு வெறும் 0.4–0.5 கிலோகிராம்-மீட்டர்தான். லீக் ஆகிறதே என்று கூட முறுக்கித்தான் பாதிக் கவர்கள் வளைந்திருக்கின்றன. ரப்பர் பேக்கிங்குக்கு சிலிக்கான் தேவையில்லை, மூலையில் மட்டும் ஒரு பொட்டு போதும். சுற்றிலும் பிதுக்கினால் உள்ளே பிதுங்கியது உதிர்ந்து, சம்ப்பில் (அடி ஆயில் தொட்டியில்) ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும்.

டிப்ஸ்டிக்:
அரை லிட்டர் எங்கே போகிறது என்பதற்கு விடை அந்த நடுப் பிளக்தான். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) கேஜ் வைத்துப் பாருங்கள்: மூன்று பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்து. நடு சிலிண்டர் மற்றதைவிட 1 கிலோவுக்கு (கிலோ/ச.செ.மீ.) மேல் குறைந்தால், ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. மூன்றும் சமமாக வந்தால் பெரும்பாலும் வால்வு ஸ்டெம் சீல்தான் (வால்வு தண்டைச் சுற்றியிருக்கும் சீல்), மூடியில் காற்று அடிக்காததும் அதற்குப் பொருந்துகிறது. உறுதி செய்ய, இறக்கத்தில் மூன்றாம் கியரில் காலை எடுத்துவிட்டு உருளவிட்டு, கீழே வந்ததும் ஆக்ஸிலரேட்டரைக் கொடுங்கள். பின்னால் வருபவர் பார்த்தால் ஒரு கொத்து நீலப் புகை தெரியும்.

ஸ்டெம் சீலுக்கு ஹெட் இறக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அந்த சிலிண்டரின் பிஸ்டனை டாப்புக்கு (உச்சிக்கு) கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை நிறுத்தி வைத்தால் வால்வு கீழே விழாது. ஸ்பிரிங்கைக் கழற்றி சீலை மாற்றலாம். காற்று தள்ளி கிராங்க் சுழலக்கூடும், வண்டியை டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துக்கொள்ளுங்கள். ஆறு வால்வுக்கும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

கிரீஸ்_கன்:
கடையில் "லீக் ஸ்டாப்" பாட்டில் கொடுப்பார்கள். அது ரப்பரை உப்ப வைக்கும், கல்லான ஓ-ரிங்குக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. 20 டபிள்யூ 50-க்கு மாறுவதும் அப்படித்தான், சொட்டு குறையும், நிற்காது. ஓ-ரிங் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) மாடல் சாமானை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.