புதுப்பிப்பு: விலகல் தேதி போடாத கம்பெனி, பிஎஃப் பணம் கிடைத்தது

விவாகரத்தாகி, வேலையும் போன நேரத்தில், பழைய கம்பெனி விலகல் தேதி போடாததால் பிஎஃப் எடுக்க முடியவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

'மார்க் எக்ஸிட்' செய்யச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. கடைசியாகச் சந்தா கட்டி 2 மாதம் கழிந்திருந்தால், யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் 'மேனேஜ்' பகுதியில் நாமே தேதி போடலாம். அந்தக் கடைசிச் சந்தா மாதத்துக்குள் வரும் தேதியாக இருக்க வேண்டும். கம்பெனியிடம் கெஞ்சவே தேவையில்லை.

எதிர்பாராதது, ஓடிபி எனக்கு வரவில்லை. ஆதாரில் இருந்தது முன்னாள் கணவரின் நம்பர்! ஆதார் மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்து மாற்றினேன். பிரிந்து வந்த பெண்கள் முதலில் இதைப் பாருங்கள். நாமினியும் அவர்தான், இ-நாமினேஷனில் மகள் பெயரைப் போட்டுவிட்டேன்.

விண்ணப்பித்த தொகை வந்தது, வீட்டு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.